இரண்டாம் சரணம்

கிருஷ்ணராசா நெடுங்காலம் லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஆர்ச்வேயில் நகரசபை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கவுன்சில் வீட்டின் மேல்தளத்தில் அவரும் மனைவி பிறேமினியும் குடியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் கத்தரின் தனியாக இருந்தார். அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் டொனிகோல் என்ற இடத்தில் பிறந்து, இளம் வயதில் தாதி வேலைக்காக லண்டன் வந்து, கல்யாணம் கட்டாமலே எழுபத்தெட்டு வயதை எட்டியவர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பக்கத்துப் பப் ஒன்றின் பின்னறையில் ஐரிஷ்காரர்கள் சிலர் கூடிப் பாடுவது வழக்கம். இடுப்பு எலும்பு மாற்றியபின் கத்தரினுக்குப் பப்புக்குப் போகும் ஏற்றத்தில் நடக்க முடியவில்லை. ஒருநாள் கோயிலிலிருந்து திரும்பிய கிருஷ்ணராசா, மதிலைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவரைக் கண்டு காரில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார். அடுத்த ஞாயிறும் விட்டார். முதலில் காருக்குள்ளேயே காத்திருந்தார். மழை கொட்டிய ஒரு நாளில் கத்தரின் விடவில்லை, உள்ளே கூட்டிப்போனார். நெற்றியில் திருநீற்றோடு, ஒரு கிளாஸ் ஒரேஞ் ஜூஸை வைத்துக்கொண்டு கிருஷ்ணராசா ஓரத்தில் உட்கார்ந்தார்.

அங்கே வாத்தியம் எதுவும் இல்லை. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாட, மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்கள். கத்தரினின் முறை வந்தபோது அவர் பக்கத்தில் இருந்தவரிடம் கையை நீட்டினார். பக்கத்தில் இருந்தது கிருஷ்ணராசா. என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கையைப் பிடித்தார். பாட்டு ஏறி இறங்கும் போக்கிலே கத்தரின் இரண்டு கைகளையும் சேர்த்து மெல்லச் சுழற்றினார். மனைவியைத் தவிர வேறொரு பெண்ணின் கையைப் பிடித்தறியாத மனிதர், யாராவது பார்க்கிறார்களா என்று கூச்சத்தோடு சுற்றிப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. பாடுகிறவரைத் தனியே விடக்கூடாது என்பதற்காகத் தங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வார்கள் என்று கத்தரின் பிறகு சொன்னார். அதற்குப் பிறகு கத்தரினுக்குப் பக்கத்தில் இருந்த கதிரை கிருஷ்ணராசா உட்காரும் இடமாகிவிட்டது.

திரும்பி வரும் வழியில் கத்தரின் பழைய கதை சொல்வார். அவர்கள் பகுதியில் விறகு கிடையாது. சதுப்பு நிலத்துக் கறுப்பு மண்ணைச் செங்கல்லைப் போல வெட்டிக் காயவைத்துத்தான் வருடம் முழுவதும் அடுப்பு எரிப்பார்கள். கோடை தொடங்கியதும் குடும்பம் முழுவதும் அங்கேதான். அப்பா மண்வெட்டியால் வெட்டி எறிய, தம்பி கொனல் அந்த ஈரக்கட்டிகளை ஏந்தித் தள்ளுவண்டியில் அடுக்குவான். கத்தரினும் அம்மாவும் அவற்றைக் காற்றுப்படும்படி ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துவார்கள். முதுகு முறியும் வேலை. கொனலும் கத்தரினும் வேலைநேரத்தில் மாறிமாறி ஒரு பாட்டுப் பாடுவார்கள். அது கேலிப் பாட்டு. முதல் சரணத்தில், என் முதுகு போய்விட்டது, இனி என்னால் ஏலாது என்று பையன் அழுவான். இரண்டாம் சரணத்தில் பெண் அவனுடைய சோம்பேறித்தனத்தைச் சொல்லிச் சிரிப்பாள். மூன்றாவதில் அவன் சுடச்சுடப் பதில் கொடுப்பான். அந்தப் பாட்டைக் கத்தரின் பப்பில் பாடியதேயில்லை. கொனல் இல்லாமல் அது பாதிப் பாட்டு என்றார்.

உங்கள் வீட்டில் என்ன பாடினீர்கள் என்று ஒருமுறை கேட்டார். வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போது தன் தகப்பன் பாடுவார் என்று கிருஷ்ணராசா சொன்னார். ஒரு வரி பாடச் சொன்னபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஊரில், உரும்பிராயில் இருக்கும் அண்ணன் பரமேஸ்வரனுக்குப் போன் எடுத்துக் கேட்டார்.

“ஐயாவோ? அவர் எங்கையடா பாடினவர்? அவருக்கு ஏசத்தான் தெரியும்,” என்றார் அண்ணன். “பாடினது நீ. பாடிக்கொண்டு நிண்டு வாய்க்கால் உடைஞ்சதைக் கவனிக்கேல்லையெண்டு மண்வெட்டிப் பிடியால உனக்கு நல்ல அடி. அதோட விட்டிட்டாய்.”

கிருஷ்ணராசாவுக்கு அடி வாங்கியதும் நினைவில்லை, பாடியதும் நினைவில்லை. கத்தரினிடம், அண்ணனுக்கும் பாட்டு ஞாபகமில்லையாம் என்று மட்டும் சொன்னார்.

ஜூன் கடைசியில் கொனலுக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சு முற்றாக நின்றுவிட்டது. ஆனால் சில நாட்களில் ஓர் அதிசயம் நடந்தது. ஒரு சொல்லும் பேச முடியாத கொனல் பாட ஆரம்பித்தார். சொற்கள் தெளிவாக வந்தன. அவருடைய மகள் கத்தரினுக்குப் போன் எடுத்து அதைக் கேட்க வைத்தாள். கொனல் முதல் சரணத்தைப் பாடி நிறுத்தினார். ஒரு சரணம் பாடுகிற அளவுக்கு மௌனம். பிறகு மூன்றாவதைப் பாடினார். நடுவில் உள்ளதை அப்பா மறந்துவிட்டார் என்று மகள் சொன்னாள். மறக்கவில்லை என்பது கத்தரினுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த இடம் அவருடையது.

கத்தரின் போனிலேயே தன் சரணத்தைப் பாடினார். கொனல் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறதென்று விளங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். மறுபடி மறுபடி முயன்றும் அதேதான்.

அடுத்த நாள் கத்தரின் படியேறி மேலே வந்து, நடந்ததைச் சொல்லி, நேரில் போய்ப் பாட வேண்டும் என்றார். அவர் மாடிப்படி ஏறியது அதுவே முதல் தடவை. காலில் இரத்தம் கட்டியிருந்ததால் விமானத்தில் போக டாக்டர் விடவில்லை. ரயிலிலும் கப்பலிலும் பஸ்ஸிலும் மாறிமாறித் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, காரில் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். கிருஷ்ணராசா கொஞ்சமும் யோசிக்காமல், கட்டாயம் போவோம் என்றார்.

ஆனால் அது கோயில் திருவிழாக் காலம். அன்னதான வேலை அவர் பொறுப்பில் இருந்தது. முடியட்டும் என்றார். ஓகஸ்டில் பள்ளிக்கூட விடுமுறை, கப்பலில் சனம் நிறைந்திருக்கும் என்றார். செப்டெம்பரில் காரின் கிளட்ச் பழுதாகிவிட்டது. அதைத் திருத்தியபோது டூட்டிங்கில் பிறேமினியின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. ஒவ்வொரு முறையும் காரணம் உண்மையானதுதான். கத்தரினும் ஒவ்வொரு முறையும் தலையாட்டினார். கிருஷ்ணராசா சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. தெரியாத ஊரில், தெரியாத ஆட்களின் வீட்டில், வாய் கோணிப் படுத்திருக்கும் ஒரு மனிதருக்கு முன்னால் போய் நிற்க அவருக்குத் தயக்கமாக இருந்தது. அந்த மனிதர் எங்கே போகப்போகிறார் என்றும் நினைத்தார்.

ஒருநாள் சாப்பாடு போடும்போது பிறேமினி, “கூட்டிக்கொண்டு போறதெண்டால் போங்கோ,” என்றாள். “இல்லையெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ. அந்த மனுசி வேற வழியாவது பாக்கும். இப்பிடி இழுக்காதேங்கோ.”

“நான் என்ன, வேணுமெண்டே இழுக்கிறன்? கல்யாணம் முடிய அடுத்த கிழமையே போறன்.”

கல்யாணத்துக்கு முதல் நாள் கொனல் இறந்துவிட்டார்.

கத்தரின் மேலே வரவில்லை. கீழிருந்து போனில்தான் சொன்னார். கிருஷ்ணராசா கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்று மத்தியானமே காரை எடுத்தார். கத்தரின் வழி நெடுகக் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு வந்தார். வேல்ஸ் கரையிலிருந்து கப்பலேறி, டப்ளினில் இறங்கி, நாலு மணித்தியாலம் வடக்கே ஓடினார்கள்.

கொனலின் உடலை வீட்டு முன்னறையில் வைத்திருந்தார்கள். சனம் வருவதும் தேநீர் குடிப்பதும் மெல்லிய குரலில் கதைப்பதுமாக இருந்தது. கிருஷ்ணராசாவுக்கும் தேநீரும் சான்ட்விச்சும் கொடுத்து, இவ்வளவு தூரம் காரோட்டி வந்ததற்கு ஒவ்வொருவராகக் கைகொடுத்து நன்றி சொன்னார்கள். அந்த நன்றிகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

கொனலின் மகள் கத்தரினின் அருகில் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். அழுது ஓய்ந்த முகம். அப்பா கடைசிவரை பாடினார், ஒருநாளும் விடவில்லை என்றாள். அவர் குணமாகி வருகிறார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பினோம் என்றாள்.

“ஏன் அப்படி நினைத்தீர்கள்?” என்று கத்தரின் கேட்டார்.

“கடைசி வாரம் அவர் நடுவில் நிறுத்தவில்லை. முதல் சரணத்தை முடித்ததும் நேராக மூன்றாவதைப் பாடினார். மறதி விலகுகிறது என்று சந்தோஷப்பட்டோம்.”

கத்தரின் அவளுடைய கன்னத்தைத் தடவி, ஓம், அப்படித்தான் இருக்கும் என்றார். எதிரே இருந்த கிருஷ்ணராசா கையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார். மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் ஒரு மனிதர் அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறார். பிறகு விட்டு வைக்கவில்லை. எழுந்து வெளியே போய் மழையில் காரோடு சாய்ந்து நின்றார். வேலிக்கு அப்பால் இருண்ட சதுப்பு நிலம் மலையடிவாரம் வரை கிடந்தது. யாரும் அங்கே வேலை செய்யவில்லை.

பொழுது சாய்ந்ததும் அயலவர்கள் பாட ஆரம்பித்தார்கள். கத்தரினைக் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. வேறொரு பாட்டைப் பாடினார், நீளமான துயரப் பாட்டு. கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோர்த்து வைத்துக்கொண்டு பாடினார். நீட்டுவார் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த கிருஷ்ணராசா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் வேல்ஸில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினார்கள். காரை விட்டு இறங்காமலே கிருஷ்ணராசா சொன்னார்:

“கத்தரின், நான் ஜூலையிலேயே வந்திருக்க வேண்டும். என்னை மன்னிக்க வேண்டும்.”

கத்தரின் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரயிலில் போயிருக்கலாம்,” என்றார். “கஷ்டப்பட்டிருப்பேன், ஆனால் போயிருக்கலாம். உங்களுக்காகக் காத்திருப்பது எனக்கும் வசதியாக இருந்தது. அவனை அப்படிப் பார்க்க எனக்கும் பயம்.” சிறிது நேரத்துக்குப் பின், “உங்களை மன்னிக்கிறேன். அதனால் நமக்கு ஏதாவது லேசாகிறதா என்று தெரியவில்லை,” என்றார்.

லேசாகவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிறேமினி சாப்பாடு போட்டாள். தான் முன்பே சொன்னதை அவள் ஒருபோதும் நினைவூட்டவில்லை. அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கிருஷ்ணராசாவுக்குத் தோன்றியது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கத்தரினைப் பப்புக்குக் கூட்டிப்போனார். கத்தரின் சில நாள் பாடினார், பல நாள் பாடவில்லை. கையும் சில நாள் நீட்டினார். கிருஷ்ணராசா பிடித்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

மார்ச்சில் கொனலின் மகள், தங்களோடு வந்து இருக்கும்படி கத்தரினைக் கேட்டாள். வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போகத் தீர்மானித்ததை ஒரு திங்கட்கிழமை கத்தரின் வந்து சொன்னார். அவசரமில்லை, உங்களுக்கு வசதிப்படும்போது கொண்டுபோய் விட்டால் போதும் என்றார்.

கிருஷ்ணராசா அன்றே கப்பலுக்குப் பதிந்தார். காருக்கு எண்ணெய் மாற்றினார், டயருக்குக் காற்றடித்தார், கோயிலில் அந்த வாரம் ஒப்புக்கொண்டிருந்த வேலையைக் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுக்கொடுத்தார். புதன்கிழமை விடியும்போது கத்தரினின் பெட்டிகளைத் தானே தூக்கிக் காரில் ஏற்றினார். வாசலில் நின்ற பிறேமினி கத்தரினைக் கட்டிப்பிடித்து அழுதாள். வழியில் எங்கும் தங்காமல், எதற்கும் தாமதிக்காமல் அவர் காரை ஓட்டினார். அந்த இரண்டாம் சரணத்துக்காக அங்கே இனி யாரும் காத்திருக்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.