கூடத்தில் ஒரு வாடை

சித்தப்பா மறுபடியும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். எழுந்து போய் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். கூடத்துப் பெஞ்சில் கிடத்தியிருந்த அண்ணனின் முகத்தருகே குனிந்து பார்த்துவிட்டு, அண்ணன் மகனைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இனிமே தாங்காதுடா. ஆரம்பிச்சிடுச்சு."

வேலையில் இருந்த காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் பிண வண்டி ஓட்டியவர். இந்த விஷயத்தில் அவர் சொன்னால் டாக்டர் சொன்ன மாதிரி.

அந்த வாடை அப்பாவுடையது இல்லை என்று அத்தனை கூட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மகனுக்கும் அவன் மனைவிக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லீவு. ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்த சீஸைக் காலையில் பிரித்தார்கள். வெளுத்த தோலுக்குள் வெண்ணெயாய் உருகிக் கிடக்கும் ரகம். நாற நாறத்தான் ருசி. அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. போன தடவை, எலி செத்துக் கிடக்கிறதா, இல்லை நீ சாக்ஸ் துவைக்கவில்லையா என்று கேட்டு மானத்தை வாங்கியிருந்தார். அதனால் அவர் அறைக் கதவை இவனே சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தான். காலை நீட்டிக்கொண்டு, ரொட்டியில் வைத்து, விரலை நக்கி நக்கித் தின்றார்கள். நடுவில் உள்ளே ஏதோ உருண்ட சத்தம் கேட்டது. மனைவி நிமிர்ந்து பார்த்தாள். டம்ளரைத் தட்டிவிட்டிருப்பார் என்று சொல்லி இன்னொரு துண்டு வெட்டினான். அது அவ்வளவு நன்றாக இருந்தது.

சாவகாசமாகப் போய்க் கதவைத் திறந்தபோது அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தார். டம்ளர் கதவு வரைக்கும் உருண்டு வந்திருந்தது. அலறல் கேட்டு ஆட்கள் ஓடிவர, மனைவி சீஸ் தட்டை டீவிக்குக் கீழே இருந்த அலமாரியில் தள்ளி மூடினாள். அதை ஒட்டியே பெஞ்சைப் போட்டார்கள். இப்போது அந்த அலமாரிக் கதவில் மாடிவீட்டு அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

தங்கை ரயிலில் வந்துகொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன், நான் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள் என்று போனில் அழுதிருந்தாள். ஐஸ் பெட்டி எதற்கு, அதற்குள் அவள்தான் வந்துவிடுவாளே என்று சொன்னதும் இவன்தான்.

"தங்கச்சி வந்துடட்டுமே சித்தப்பா."

"எனக்கு மட்டும் ஆசையாடா? அவ வந்து மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கணுமா? சட்டை கசங்கியிருந்தாக்கூட வெளிய வரமாட்டாரு எங்கண்ணன். மானத்தோட போகட்டும்."

அலமாரியைத் திறந்து காட்டினால் போதும். ஆனால் தட்டில் இரண்டு பேர் தின்ற மிச்சம் இருக்கும். எப்போது தின்றீர்கள், அவர் கதவு ஏன் சாத்தியிருந்தது என்று கேள்வி வரும். மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அது வந்து, சித்தப்பா..." என்று ஆரம்பித்தான். கூடமே அவன் முகத்தைப் பார்த்தது. "வண்டிக்குச் சொல்லிடுங்க," என்று முடித்தான். சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

மயானத்தில் எல்லாம் முடிந்து அவனும் மனைவியும் திரும்பியபோது தங்கை வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள இருந்த மாடிவீட்டு அம்மா, வாடை வந்துவிட்டதால் முன்னாலேயே எடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தாள். சண்டை பிடிப்பாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்திருந்தான். அவள் பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மனைவி வாளியும் துணியுமாக வந்து, தரையைத் துடைத்துவிடுகிறேன் என்றாள்.

"வேணாம் அண்ணி." தங்கை இவன் பக்கம் திரும்பினாள். "ஜன்னலை மூடிடுண்ணா. எனக்கு அப்பாவுல மிச்சம் இந்த வாடைதான். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அவன் ஒவ்வொரு ஜன்னலாக மூடினான். ஒரு கொக்கி துருப்பிடித்திருந்தது; அழுத்தி மாட்ட வேண்டியிருந்தது. திரும்பியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.