தூக்காதே, தள்ளு

விடிந்து பார்த்தால் மைதானத்தில் முழங்கால் உயரப் பனி. நண்பகலில் அக்கரை ஊரோடு, குதிரைமேல் இருந்தபடியே செத்த ஆட்டைப் பறித்துத் தொட்டியில் எறிகிற கோக்-போருவின் இறுதி ஆட்டம். மைதானம் எங்களுடையது, அதனால் பனியை நாங்கள்தான் அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் ஆடாமலே வெற்றி அக்கரைக்கு. ஊரே மண்வாரியோடு ஓடியது.

எனக்குப் பாதி குஷி, பாதி என் வீட்டுக்காரர் மெலிஸை நினைத்துப் பயம். ஓடும் குதிரையிலிருந்து சரிந்து, தரையில் கிடக்கும் தலையில்லாத ஆட்டை ஒற்றைக் கையால் தூக்குகிற மனிதர் பனியையும் அப்படித்தான் அள்ளுவார். முழங்கால் மடங்காது, இடுப்பை முறுக்கித் தோளுக்கு மேல் ஒரு வீச்சு. போன வருஷம் இறுதி ஆட்டத்தன்று காலையில் அப்படி வீசித்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் அடுப்போரம் கவிழ்ந்து கிடந்தார், நாங்கள் தோற்றோம்.

"இந்தத் தடவ ஒரு வீச்சு வீசுனீங்கன்னா, குதிரைய நானே அவுத்து விட்டுருவேன்," என்றேன்.

நிலக்கரி அள்ளும் இரும்பு மண்வாரியைப் பிடுங்கிக்கொண்டு, நீளப் பிடி போட்ட பலகையைக் கொடுத்தேன். தள்ளுங்கள், தூக்காதீர்கள், தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முழங்காலை மடக்கிக் கொஞ்சமாக அள்ளுங்கள், திரும்பும்போது காலும் சேர்ந்து திரும்பட்டும் என்று பின்னாலேயே போய் நச்சரித்தேன். மெலிஸுக்குக் கடிவாளம் போட்டாயிற்று என்று மற்ற ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. ஆனாலும் தள்ளினார்.

பதினொன்றரைக்கு மைதானம் கறுப்பாகத் தெரிந்தது. அக்கரைக் குதிரைகள் கனைத்தபடி வந்துவிட்டன. ஆட்டை எறிகிற வட்டத் தொட்டியின் ஓரத்தில் ஒரே ஒரு குவியல்தான் பாக்கி. எனக்கு வெறியே பிடித்துவிட்டது. இரும்பு மண்வாரி நிறைய அள்ளி, இடுப்பைத் திருப்பி, தோளுக்கு மேல் வீசினேன். மளுக்கென்றது.

கம்பளத்தில் சுற்றி என்னைச் சறுக்கு வண்டியில் ஒருக்களித்துக் கிடத்தினார்கள். அங்கிருந்து குதிரைக் கால்கள்தான் தெரிந்தன. கடைசி நிமிடத்தில் அந்தக் கால்களுக்கு நடுவே ஒரு கை இறங்கி ஆட்டைத் தூக்கியது. கையுறை நான் தைத்தது. அடுத்த கணம் தொட்டியில் ஆடு விழுந்த சத்தம். ஊரே கத்தியது, வலியை மறந்து நானும் கத்தினேன்.

மெலிஸ் வியர்வை வழிய வந்து நின்றார். கேலி செய்யப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, என்னை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, மெதுவாக எழுந்தார்.

"சரியாத் தூக்குறேனா?"

"இன்னுங் கொஞ்சம் மடக்கியிருக்கலாம்," என்றேன்.