உப்பு அம்பாரத்துக்குப் பின்னால்

என் புருஷன் இசக்கியப்பன் போலீஸ்காரர். ராணி என்ற நாய்க்கு மோப்பம் பிடிக்கப் பழக்குவது அவர் வேலை. அந்த நாய்க்கு முன்னால் நடப்பது என் தலையெழுத்து. என் பழைய சேலைத்துணியை அதன் மூக்கில் காட்டுவார். அதற்குள் நான் உப்பளத்து வரப்பெல்லாம் சுற்றிவிட்டு, ஓர் உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருப்பேன். கண்டுபிடித்ததும் என் கையால் ஒரு துண்டு கருவாடு. சம்பளம் அவருக்கு, கருவாடு நாய்க்கு, வெயில் எனக்கு.

நாற்பத்திரண்டு ஆகஸ்ட் போராட்டத்தில் தந்திக் கம்பி அறுத்தவர்களில் என் தம்பி தாணுலிங்கமும் ஒருவன். பிடிபட்டவர்களில் ஒருவன் பிணமாகத்தான் வீடு திரும்பினான். தம்பி உப்பளத்தை ஒட்டிய உடைமரக்காட்டில் ஒளிந்திருந்தான். புருஷனுக்குத் தெரியாமல் தினமும் சோறு கொண்டுபோனேன்.

ஒரு நாள் மத்தியானம் நாயை அவிழ்க்க வந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"காட்டு ஓரத்துல செவப்புக்கரைத் துண்டு ஒண்ணு கெடச்சிருக்கு. அங்கன எவனோ ஒளிஞ்சிருக்கான்னு நெனைக்காவ. இன்ஸ்பெக்டர் சாப்புட்டு வந்ததும் அத மோப்பங்காட்டி நாய விடணும்."

அது தம்பியின் துண்டு. அதைத் துவைத்தவளும் நான், அதில் சோற்றுச் சட்டியைக் கட்டிப் போய், காலையில் திரும்பும்போது தவறவிட்டவளும் நான். ராணி பழகியதோ என் வாடைக்கு. காலையில் நான் போன வழியைப் பிடித்தால் தம்பி முன்னால்தான் போய் நிற்கும்.

அவர் தலை மறைந்ததும் ஒரு கருவாட்டுத் துண்டை மடியில் செருகிக்கொண்டு குறுக்கு வழியில் ஓடினேன். காட்டு ஓரத்திலிருந்து வெறுங்காலை மண்ணில் அழுத்தி அழுத்தி, வழக்கமான அம்பாரம்வரை நடந்து உட்கார்ந்தேன். புதுத் தடத்தைத்தான் நாய் பிடிக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். பிடிக்குமா?

முதல் குரைப்பு காட்டுப் பக்கம் கேட்டது. தம்பி தொலைந்தான் என்று நினைத்தேன். பிறகு சத்தமே இல்லை. அது அதைவிடப் பயமாக இருந்தது. வாய்விட்டு அழக்கூட முடியவில்லை.

முழங்காலில் ஈரமாக ஏதோ பட்டது. ராணியின் மூக்கு.

பின்னாலேயே இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க வந்தார். "யாருவே இது?"

"எம் பொஞ்சாதிதாங்கய்யா. பழகுன எடத்துக்கே வந்துட்டு."

"ஒம் பொஞ்சாதியத் தேடவா சர்க்கார் நாய் வளக்கு? காலையில மறுபடியும் விடும்!" திட்டிக்கொண்டே போனார்.

கருவாட்டை நாய்க்குக் கொடுத்தேன். புருஷன் குனிந்து வாரைப் பூட்டினார். சட்டைப்பையிலிருந்து இன்னொரு கருவாட்டுத் துண்டை எடுத்து என் கையில் திணித்தார்.

"நாளைக்கும் வேணும்லா. இனிமே சோத்துச் சட்டிய வேற துணியில கட்டுளா."