தலைசுற்றல் இல்லை

நாவலூரில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற மனிதருக்கு, ஞாயிற்றுக்கிழமை விமானம் ஓட்டினால்தான் உயிர் வரும் என்றால் யார் நம்புவார்கள்? என் வீட்டுக்காரர் ஜெபகுமார் அப்படித்தான். கிளப்பில் சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து, மேலே ஏற்றி, சட்டென்று மூக்கைக் கீழே இறக்குவார். "அந்த ஒரு செகண்ட் வயிறு மேலயே நின்னுடும் ரோஸி. அதுக்குத்தான் போறேன்" என்பார். நல்ல ஆசை!

ஜனவரியிலிருந்து அவருக்குத் தலை சுற்றுகிறது. படுக்கையை விட்டு எழுந்தால் பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேலே போனால் வராது என்று சாதித்தார். போன மாதம் கோவளத்துக்கு மேலே, பனிமூட்டத்தில் வந்தே விட்டது. விமானம் நேராகப் போவதாக உடம்பு சொல்லியிருக்கிறது. சாய்ந்து இறங்குவதாக மீட்டர் காட்டியிருக்கிறது. இவர் உடம்பை நம்பினார். கடல் கிட்டே தெரிந்த பிறகுதான் நிமிர்த்தினாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காபியைத் தொடவே இல்லை.

அதற்கப்புறம்தான் லைசென்ஸுக்கான மெடிக்கலுக்குத் தாம்பரம் போனோம். டாக்டர் என்னையும் கேட்டார்: "வீட்ல இவருக்குத் தலைசுத்தல், மயக்கம் ஏதாவது உண்டா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

கொரோனா சமயத்தில் பறக்க முடியாமல் கிடந்தபோது, இதே மனிதர் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நடந்தார். கீழ்க்கட்டளைத் தெருவே அண்ணாந்து பார்த்தது. இன்னொரு முறை அதைப் பார்க்க என்னால் ஆகாது.

இன்று காலை கார் சாவியோடு கிளம்பி நின்றார். பக்கத்தில், ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் எங்கள் மகள் எபி, ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பர்த்டே கிஃப்ட் மா! அப்பா என்னையும் மேல கூட்டிட்டுப் போறாரு."

"போகாதடி! அப்பாவுக்குத் தலை சுத்துது. மேலயே சுத்தியிருக்கு. நான்தான் டாக்டர்கிட்ட மறைச்சேன்!" என்று கத்தினேன்.

எபி அப்பாவைப் பார்த்தாள்.

"டாக்டர் ஃபிட்னு கையெழுத்துப் போட்டுட்டாரு கண்ணு" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். "அம்மாவும் கூடத்தான் இருந்தா. கேட்டதுக்கு இல்லன்னுதான் சொன்னா."

"பயமா இருந்தா பயம்னு சொல்லு மா. எதுக்குப் பொய் சொல்ற?" என்றாள் எபி.

லிஃப்ட் வந்தது. அவள் கையை இறுகப் பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.