தடியனுக்குப் பதினாலு பொட்டலம்

என் பூனை தடியனுக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டரம்மா சொன்னபோது அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. தினம் ஒரு வேளைச் சாப்பாட்டில் கால் ஸ்பூன் நார்ச்சத்துப் பொடி, தண்ணீரில் ஊறவைத்து. நார் உள்ளே போனால் ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறுமாம். அண்ணன் கெடு வைத்தான்.

"ஒரு மாசம் பாரு. குறையலன்னா, ஒரே ஊசியில நிரந்தரமா தூங்க வச்சிடலாம்."

வீடு அவனுடையது. ஆனால் தடியன் என்னுடையவன்.

பத்தொன்பது வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். "டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டு வாங்குங்க" என்று தொண்டை வறளச் சொல்கிறவள் நான். பொடியை நானே கடையிலிருந்து எடுத்து வந்தேன். தடியன் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினான். விடுவேனா? மடியில் இடுக்கி, விரலால் வழித்து ஊட்டினேன். ஒரு மாதம் முழுக்கக் கையெல்லாம் கீறல்.

மாத முடிவில் டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். முந்நூற்று அறுபது இருந்த சர்க்கரை, நானூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது.

"போதும்மா," என்றான் அண்ணன். கருணைக்கொலைக்கான சம்மதப் படிவத்தை வாங்கி என் முன்னால் வைத்தான்.

"அந்தப் பொடிய காட்டுங்க," என்றார் டாக்டரம்மா. பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் படித்தார். "இது ஆரஞ்சு சுவை. பாதிக்குப் பாதி சர்க்கரை."

கடையில் அதிகம் விற்கிற டப்பா அதுதான். கை தன் பாட்டுக்கு எடுத்திருக்கிறது, கண் பார்க்கவில்லை. தடியன் முதல் நாளே சொன்னான், நான்தான் கேட்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

அண்ணன் விடவில்லை. "ஊருக்கே படிக்கச் சொல்றவ! உன்ன நம்பி இன்னும் எத்தனை மாசம்?"

"தப்பு பண்ணது நான். ஊசி போட்டு தூங்க வைக்கணும்னா என்னைத் தூங்க வை. அவன் மேல கை வச்சா பாத்துக்கோ!"

டாக்டரம்மா சிரிப்பை மறைக்க இருமிக்கொண்டே இரண்டு வாரம் கெடு கொடுத்தார். நான் படிவத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் அதை நாலு தடவை மடித்துக் கிழித்தேன். பதினாறு துண்டு. சர்க்கரை சேராத வெறும் இசப்கோல் உமிப் பொடி வாங்கி, இந்த முறை டப்பாவை மூன்று தடவை படித்து, அந்தத் துண்டுகளில் கால் கால் ஸ்பூனாகப் பதினாலு பொட்டலம் கட்டினேன். தினம் ஒன்றைப் பிரித்து ஊறவைத்தேன். தடியன் தட்டை நக்கியே தேய்த்தான்.

பதினாலாம் நாள் இருநூற்று நாற்பது. டாக்டரம்மா முதுகைத் தட்டினார், தடியனுடைய முதுகை.

அன்று சாப்பாட்டு மேசையில் கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தேன். காகிதத்தில் 'உரிமையாளர் கையொப்பம்' என்றிருந்தது. பொடியைத் தடியனின் கிண்ணத்தில் தட்டிவிட்டு, அதை அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இந்தா, உன் படிவம். என் கையெழுத்து எங்கயாவது இருக்கான்னு தேடிப் பாரு."