பூங்கா ஓரத்துக் காய்ச்சல்

பூங்காவை ஒட்டிய தெருவில் அந்த வருடம் காய்ச்சலில் படுத்தவர்கள் எல்லோருக்கும், அதே காய்ச்சலில் முதலில் இறந்துபோன பேருந்து ஓட்டுநரின் ஞாபகங்கள் வந்தன. பழைய வண்டியை மேட்டில் எந்தக் கியரில் ஏற்ற வேண்டும் என்பது தையல்காரிக்கு மூட்டுவலியோடு சேர்ந்தே தெரிந்துவிட்டது. முடிதிருத்துபவர் படுத்தபடியே இல்லாத ஹாரனை அமுக்கி, வழிவிடாதவர்களைத் திட்டினார். மருத்துவர்களும் தலைவலி, தடிப்பு என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஓட்டுநர் என்று எழுதிப் பழகிவிட்டார்கள்.

ஓட்டுநரின் மனைவிக்கு நகரச் சுகாதார ஆய்வகத்தில் வேலை. பூங்காவில் கொசுப்பொறி வைப்பாள்; விழுந்தவற்றில் பெண் கொசுக்களைப் பிரித்து, கொத்துக் கொத்தாக அரைத்து, வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பாள். மதிய ஓய்வில் மரத்தடியில் தூங்கும் கணவரை அந்தக் கொசுக்களில் ஒன்றுதான் கடித்தது, பிறகு அவரைக் கடித்தவை தெருவுக்குள் பறந்தன என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளுக்குத் தெரியாதது வேறொன்று. கடைசியாக வேலைக்குப் போன காலையில், ஏதோ பேச்சு முற்றி, சாப்பாட்டு டப்பாவை மேசை மேலேயே விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அன்றே காய்ச்சலில் மயங்கி விழுந்தவர், பேச்சு திரும்பாமலே போய்ச் சேர்ந்தார். அந்தக் கோபம் தீர்ந்ததா இல்லையா?

பதில் இஸ்திரிக் கடைக்காரர் வாயிலிருந்து வந்தது. துணி வாங்கப் போனவளிடம், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, "முதல் சிக்னல்லயே கோவம் போயிடுச்சு. வண்டியைத் திருப்ப முடியுமா? உள்ள அத்தனை பேரு உட்கார்ந்திருந்தாங்களே," என்றார். அவள் துணியை வாங்காமலே வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தாள்.

அதன் பிறகு காய்ச்சல்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் போய் உட்கார்ந்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். பூங்காக் குளத்தில் மருந்து தெளித்தும் பொறிகளில் வைரஸ் குறையாதபோது ஆய்வகமே தலையில் கைவைத்தது. அவளுக்குள் மட்டும் ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது. அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

பிறகு மாடியில் குடியிருந்த தங்கை, ஏழு மாத வயிற்றோடு படுத்தாள். ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கையைப் பிடித்து, "நான் தூங்குற மரம் இருக்குல்ல, மேல கிளை பிரியுற இடத்துல ஒரு பொந்து. மழைத்தண்ணி நிக்குது. அதை அடைச்சிடு," என்றாள்.

"அடைச்சா நீங்க வரமாட்டீங்களே."

"வரலன்னா என்ன? உன் தங்கச்சிக்கு எப்படிக் கொதிக்குது பாரு. வயித்துப் பிள்ளைக்காரி."

விடிந்ததும் ஏணியோடு போனாள். பொந்து நிறையக் கொசுப்புழுக்கள் நெளிந்தன. நீரை இறைத்துவிட்டு மணலைக் கொட்டிக் கெட்டித்தாள். மற்ற மரங்களின் பொந்துகளையும் ஆய்வகத்தார் தேடித் தேடி அடைத்தார்கள். தங்கை பிழைத்தாள், பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது. அடுத்த மழைக்குப் பொறியில் விழுந்தவை வெறும் கொசுக்களாக இருந்தன.

தேறியவர்களுக்கு மற்றதெல்லாம் மறந்துபோய், ஒன்று மட்டும் தங்கிவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து அவள் திரும்ப நேரமானால் தெருவில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளாது. சிலர் வாசலுக்கு வந்து நிற்பார்கள். முடிதிருத்துபவர் பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு எட்டிப்பார்ப்பார். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று யாராவது ஒருவர் கேட்பார்.

"பஸ் வரல," என்பாள் அவள். அதன் பிறகுதான் தெரு தன் வேலையைப் பார்க்கப் போகும்.