பலகையில் மூன்று காலியிடம்

இந்தக் கதையில் வருகிற பலகை பச்சையா, நீலமா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். கண்ணாடிக்காரர் இதை என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். முதல் தடவை பச்சை என்றார், அடுத்த தடவை நீலம் என்றார். அல்லது இரண்டு தடவையும் ஒன்றையே சொல்லி, நான்தான் மனசுக்குள் மாற்றி வைத்திருக்கிறேனோ என்னவோ. யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதிலும் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆனால் அன்றைக்குப் பலகையில் காலியாக இருந்த இடங்கள் மூன்று. அதில் மட்டும் சந்தேகமே கிடையாது. அதை அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் மாட்டுகிற வேலை அவருக்கு. அதனால் அந்தப் பெயர். நான் பக்கத்து மேசையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கல்யாணமான புதிதில், "கொஞ்ச நாளைக்கு இங்கேயே இருங்களேன்" என்று மாமனார் சொன்னார். மனைவி அவருக்கு ஒரே பெண், அம்மா இல்லாமல் வளர்ந்தவள். சொன்னவரும் கெஞ்சவில்லை, கட்டாயப்படுத்தவில்லை, போகிற போக்கில் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் வளர்ந்து வளர்ந்து, கடையில் முதலாளியிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோரும் அவரை 'வீட்டோட மாப்பிள்ளை' என்று கிண்டல் பண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டது.

"என்னய்யா, இன்னிக்கு கேட் பாஸ் குடுத்துட்டாங்களா?" என்பார் முதலாளி. கண்ணாடிக்காரர் சிரித்து வைப்பார். அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் வராது.

அந்த வீட்டில் முன்னால் கூடம், அடுத்துச் சமையலறை, அதற்குப் பின்னால் மாமனாரின் பட்டறை, பட்டறைக்கும் பின்னால் இவர்கள் அறை. சத்தமில்லாமல் இருக்கும் என்று மாமனாரே பார்த்து ஒதுக்கிய அறை. அதற்கு வேறு வாசல் கிடையாது. பல் தேய்க்கப் போவதென்றாலும் பட்டறை வழியாகத்தான் போகவேண்டும், அங்கே சுவரில் இருந்த பலகைக்கு முன்னால்தான் நடக்கவேண்டும்.

மாமனார் பெரிய எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் தொழிற்சாலையில் ஃபோர்மனாக இருந்தவர். ஸ்க்ரூடிரைவரைத் திருப்புளி என்றுதான் சொல்வார். அங்கே திருப்புளி ஒவ்வொன்றுக்கும் பலகையில் அதன் உருவத்திலேயே வெள்ளைப் பெயின்ட் அடித்த இடம் உண்டு. வேலை முடிந்ததும் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தாக வேண்டும். ஓர் இடம் காலியாக இருந்தாலும் கேட்டைத் திறக்க மாட்டார்கள். திருப்புளி எஞ்சினுக்குள்ளே கிடந்தால் என்ன ஆவது? அது கிடைக்கிறவரை ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. மாமனார் ஓய்வு பெற்றபோது அந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்து, பட்டறைச் சுவரிலும் அதே மாதிரி ஒரு பலகை மாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய இரும்புக் கடைகளுக்குப் போவார். மரக்கைப்பிடி போட்டது, தேன் நிறப் பிளாஸ்டிக் கைப்பிடி போட்டது, குட்டை, நெட்டை, தட்டை முனை, ஸ்டார் முனை என்று எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவார். துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்து, மழுங்கின முனையை அரத்தில் தேய்த்து, பலகையில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, உள்ளே வெள்ளை அடித்தால்தான் அவருக்கு அன்றைய பொழுது முடியும்.

யார் எதை எடுத்தாலும் திட்டமாட்டார். அதுதான் கஷ்டமே. பலகையைப் பார்ப்பார், தெரிந்துகொள்வார்.

"என்ன மாப்பிள்ளை, ஃபேன் ஆடுதா?"

டெஸ்டரும் நடுத்தரத் தட்டையும் இல்லையென்றால் ஃபேன். குட்டை ஸ்டார் இல்லையென்றால் மிக்ஸி. ஒருமுறை கண்ணாடிக்காரர் ஒரு திருப்புளியால் பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்பிவிட்டுத் துடைத்து மாட்டிவிட்டார். சாயங்காலம் மாமனார் அதை எடுத்து முனையைத் தடவினார். "டப்பா திறக்கறதுக்கு வீட்டுல ஸ்பூன் இல்லையா மாப்பிள்ளை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவ்வளவுதான். கண்ணாடிக்காரருக்கு ஒரு வாரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"இதுக்கே இப்படியா?" என்றாள் மனைவி. "சின்ன வயசுல என் சீப்புக்கே கோடு போட்டு வச்சிருந்தார். தலை சீவாம ஸ்கூலுக்குப் போனா, சீப்பு அசையலைன்னு கண்டுபிடிச்சிடுவார்."

அவள் சொல்லி முடித்ததும் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அரம் தேய்க்கிற சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடியும் தொடர்ந்தது.

அந்த வீட்டில் பலகைக்குக் கட்டுப்படாத திருப்புளி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஃபிரேம் திருகுகளுக்கான பித்தளைத் திருப்புளி, தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். கண்ணாடிக்காரர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொந்தமாக வாங்கியது. பேனா மாதிரி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஒருநாள் அவர் குளித்துவிட்டு வந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பையைத் தொட்டுப் பார்த்தார், இல்லை. பட்டறைக்கு வந்தார். பலகையின் கீழ் வரிசையில், கடைசியில், இன்னும் காயாத வெள்ளைப் பெயின்டில் சின்னதாக ஓர் உருவம். அதற்குக் கீழே மேசைமேல் அவருடைய திருப்புளி.

"எத்தனை நாளைக்குத்தான் அது பாவம் சட்டைப் பையிலேயே கிடக்கும்?" என்றார் மாமனார். "அதுக்கும் ஒரு இடம் வேணாமா?"

அவர் முகத்தில் சொல்லமுடியாத சந்தோஷம். தன் பிள்ளைக்கே பங்கு பிரித்துக் கொடுத்தது போல நின்றார். கண்ணாடிக்காரர் வெறும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். "ரொம்ப நன்றி மாமா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கடைவிட்டு வந்ததும் அதை அங்கே மாட்டவேண்டும். ஒருநாள் வேலை அதிகமாகித் தாமதமாக வந்தார். மாமனார் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"உங்க இடம் காலியாவே இருந்துச்சு. நான் எப்படிச் சாப்பிடுறது?"

மறுநாளே கண்ணாடிக்காரர் வீடு தேட ஆரம்பித்தார். கடைக்கு இரண்டு தெரு தள்ளி, பேப்பர் கடை மாடியில் ஒரு போர்ஷன் கிடைத்தது. ஒரே அறை, ஒரே ஜன்னல். ஆனால் படியிறங்கினால் நேரே தெரு. நடுவில் எதையும் தாண்டவேண்டாம். சாவியை வாங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனைவியும் வந்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தாள்.

"அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றாள். "என் வாயால வராது."

"சொல்றேன்."

சொல்லவில்லை. தினமும் கிளம்பும்போது சொல்லலாம் என்று பலகைக்கு முன்னால் நிற்பார். மாமனார் நிமிர்ந்து பார்த்து, "என்ன வேணும் மாப்பிள்ளை? ஸ்டாரா, தட்டையா?" என்பார். "ஒண்ணும் இல்ல மாமா." வாசலுக்குப் போனதும் தன்னையே நாலு திட்டு திட்டிக்கொள்வார். மாடிப் போர்ஷனின் சொந்தக்காரர், மாதம் பிறப்பதற்குள் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார்.

"முதல்ல கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டுடுவோம்" என்றார் கண்ணாடிக்காரர். "அது போயிட்டா, அப்புறம் சொல்லித்தானே ஆகணும்."

"கட்டில் போய்த்தான் உங்களுக்கு வாய் வரணுமா?" என்றாள். ஆனால் மறுக்கவில்லை.

அந்த வீட்டில் அவர் காசில் வாங்கியது கட்டில் ஒன்றுதான். அறை வாசல் குறுகல். அதனால் கல்யாணத்தின்போது மாமனார்தான் கட்டில் பலகைகளை உள்ளே கொண்டுபோய் வைத்துத் திருகிக் கொடுத்தார். வெளியே எடுப்பதென்றாலும் கழற்றித்தான் ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் பையை மாட்டிக்கொண்டு இரும்புக் கடைக்குக் கிளம்பினார். மத்தியானத்துக்கு முன்னால் திரும்பியதே கிடையாது. கண்ணாடிக்காரர் பலகையிலிருந்து பெரிய ஸ்டாரையும், நீளத் தட்டையையும், மரச்சுத்தியலையும் எடுத்தார். எடுக்கும்போதே மூன்று வெள்ளை உருவங்களும் தன்னைப் பார்ப்பது போலிருந்தது. மெத்தையைச் சுவரில் சாய்த்தார்கள். அவர் திருகினார், மனைவி பக்கப் பலகையைத் தாங்கிக்கொண்டாள். இரண்டு மூலை கழன்றன. மூன்றாவது மூலையில் பாதி திருகு வெளியே வந்திருந்தபோது வாசல் கேட் சத்தம் கேட்டது.

அன்றைக்கு மாமனாருக்கு முதல் கடையிலேயே நல்ல சரக்கு ஒன்று கிடைத்துவிட்டிருந்தது. அதைக் காட்டுகிற அவசரத்தில் வந்திருக்கிறார். கூடத்தில் செருப்பைக் கழற்றினார். சமையலறையைத் தாண்டினார். பட்டறைக்குள் வந்ததும் காலடி நின்றது.

அவர் பலகையைப் படிக்கிறார் என்று இருவருக்கும் தெரிந்தது. பெரிய ஸ்டார். நீளத் தட்டை. சுத்தியல். இந்த வீட்டில் அந்த மூன்றும் சேர்ந்து தேவைப்படுகிற சாமான் ஒன்றுதான். அவருக்கு அது தெரியாமல் இருக்காது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று கண்ணாடிக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை. குழாய் சொட்டுவது கேட்டது என்று மட்டும் சொன்னார்.

பிறகு மாமனார் அறை வாசலில் வந்து நின்றார். சாய்ந்த மெத்தையைப் பார்த்தார், கழன்ற கட்டில் பலகையைப் பார்த்தார். அவர்கள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மருமகன் செய்து கொடுத்த மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கட்டில் சத்தம் போடுதா?" என்றார்.

தாங்கிக்கொண்டிருந்த பலகையை மனைவி கீழே வைத்தாள்.

"சொல்லியிருக்கலாமே." தரையில் மெல்ல உட்கார்ந்து கையை நீட்டினார். "அந்தப் பெரிய ஸ்டாரைக் குடுங்க மாப்பிள்ளை."

கொடுக்காமல் இருந்திருக்கலாம். கையை மடக்கிக்கொண்டு, 'மாமா, நாங்க தனியாப் போறோம்' என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். பையில் சாவி தொடையைக் குத்திக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடிக்காரர் திருப்புளியைக் கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி திருப்பிக் கொடுத்தார்.

"பலகையைத் தூக்கிப் பிடிங்க. இன்னும் கொஞ்சம். ம், அப்படித்தான்."

பிடித்தார். மாமனார் மூலை மூலையாக நகர்ந்து திருகினார். போதும் என்கிற இடத்தைத் தாண்டியும் திருகினார். திருகின் தலை தேய்ந்து திருப்புளியின் முனை நழுவுகிறவரை, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுத் திருகினார். கடைசி மூலைக்கு வந்தபோது மனைவி வாயைத் திறந்தாள்.

"அப்பா, கட்டில் சத்தம் போடல."

மாமனாரின் கை நின்றது. கண்ணாடிக்காரர் அவரையே பார்த்தார். இதோ, இப்போது கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம்.

"இனிமே போடாது" என்றார் மாமனார். இன்னும் ஒரு சுற்று திருகினார்.

எழுந்து மூன்றையும் துடைத்து அதனதன் இடத்தில் மாட்டினார். பையிலிருந்து புதுத் திருப்புளியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். மரக்கைப்பிடி, பித்தளைப் பூண். "இதுக்குச் சாயங்காலம் கோடு போட்டுக்கலாம்" என்றார்.

மறுநாள் கண்ணாடிக்காரர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். மாடிப் போர்ஷனுக்கு ஒரு தையல்காரர் குடிவந்தார், இன்னும் இருக்கிறார். மாமனார் அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார், கூடத்து நாற்காலியில் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, மகளும் பேசவில்லை. அவர் போன பிறகு, கூடத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று, கட்டிலைக் கழற்றத் தச்சரைக் கூப்பிட்டார்கள். திருகுத் தலைகளெல்லாம் தேய்ந்திருந்தன. அறுத்துத்தான் எடுக்கமுடியும் என்றார் தச்சர். வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். அவர்கள் அந்த அறையில்தான் படுக்கிறார்கள். நான் வேறு கடைக்கு மாறிவிட்டேன். கண்ணாடிக்காரர் பழைய கடையிலேயே இருக்கிறார். வேலைவிட்டு வந்ததும் சின்னத் திருப்புளியைப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்.